‘முன்’ படத்தில் சிரித்தவர்

“குடிக்கிறதா இருந்தா என் முன்னாடி குடிங்க! குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு என்ன திருட்டுத்தனம்?”

“திருட்டுத்தனம் என்ன வந்துச்சு? பச்சைத் தண்ணிதானே குடிக்கிறேன், விஷத்தையா குடிக்கிறேன்?”

“மடக் மடக்குன்னு மாடு குடிக்கிற மாதிரி இங்க வரைக்கும் கேட்குது. கிட்னிதான் போச்சுங்க, காது இன்னும் நல்லாத்தான் இருக்கு எனக்கு!”

“உனக்குக் கேட்கக் கூடாதுன்னுதானேம்மா உள்ள போய்க் குடிக்கிறேன்!”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. மூன்றாம் மாடி முழுக்க அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். பாத்திரம் விழும், கதவு அறையப்படும் என்று எதிர்பார்த்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் தண்ணீருக்காக நடந்த சண்டையை எங்கள் கட்டடம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஓடியது. எல்லாரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் உள்ளே ஏறினால் ‘அதிக எடை’ என்று சிவப்பு விளக்கு எரியும், அதனால் அவர் பழுது பார்த்த லிஃப்டில் அவரே தனியாகத்தான் போவார் என்று ஒரு கேலி உண்டு. கேலியில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அவர் மனைவி அச்சகத்தில் பிழைதிருத்துபவர். வலது கை விரல்களில் எப்போதும் சிவப்பு மை. பால் பாக்கெட்டில் எழுதியிருப்பதைக்கூடத் திருத்திவிட்டுத்தான் பாலைக் காய்ச்சுவார்.

அந்த அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு கட்டிப்போட்டிருந்தார்கள். நாள் முழுவதற்கும் ஒரு சின்னப் பாட்டில் தண்ணீர்தான் அனுமதி. நா வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே வீட்டில் அவர் புருஷனுக்கு நாலு லிட்டர் குடித்தே ஆகவேண்டும் என்று உத்தரவு. யார் உத்தரவு? எடை குறைப்பு நிலையத்தின் உத்தரவு.

நிலையத்துக்கு அவர் போனது அழகுக்காக இல்லை. மனைவிக்குக் கிட்னி கொடுக்க மகளுக்கு ரத்தம் ஒத்துவரவில்லை, அவருக்குத்தான் ஒத்துவந்தது. ஆனால் டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“கிட்னி ரெண்டும் அருமையா இருக்கு. சுத்தி இருக்கிற ஆளுதான் பிரச்சினை. இந்த உடம்பை நான் ஆபரேஷன் மேசையில ஏத்த முடியாது. இருபது கிலோ குறைச்சிட்டு வாங்க. சீக்கிரம் வாங்க.”

“சீக்கிரம்னா எவ்வளவு சீக்கிரம் டாக்டர்?”

டாக்டர் அந்த அம்மாவைப் பார்த்தார். “சீக்கிரம்னா சீக்கிரம்தான். நடங்க. கொஞ்சமா சாப்பிடுங்க.”

இவ்வளவு பெரிய காரியத்துக்கு இவ்வளவு சின்ன வைத்தியமா என்று லிஃப்ட்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. நடப்பதும் குறைத்துத் தின்பதும் யாருக்கும் தெரிந்த சமாச்சாரம். மனைவியின் உயிர் அதில் தொங்கும்போது, விஷயம் தெரிந்தவர்கள் கையில் ஒப்படைப்பதுதான் முறை என்று நினைத்தார். பழுதான லிஃப்டைச் சொந்தக்காரர்களே திருகினால் என்ன ஆகும் என்று பார்த்தவர் அல்லவா.

நிலையம் மேசை நாற்காலிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கத்தினர்கள் இரண்டு மாடியையும் லிஃப்டில் கடந்து, மேலே போய், எங்கேயும் போகாத ஒரு படிக்கட்டு இயந்திரத்தில் வியர்க்க வியர்க்க ஏறிவிட்டு, மறுபடி லிஃப்டில் இறங்கினார்கள். “நான் கீழ இருந்தே படியேறி வந்துடட்டுமா?” என்று முதல் நாள் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார் லிஃப்ட்காரர். பயிற்சி மாஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது.

“அது கண்காணிப்பில்லாத படி சார். அதுல ஏறினா உடம்புக்குத் தெரியாது.”

முதலில் உறுதிமொழி. கண்ணாடி முன் நின்று, தன்னையே விரலால் சுட்டி, “பழைய நானே, உனக்கும் எனக்கும் இனி உறவில்லை” என்று உரக்கச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு நிலையத்துக்குள் யாரும் வெறும் ‘நான்’ என்று பேசக்கூடாது. பழைய நான், புதிய நான் என்று பிரித்துத்தான் பேசவேண்டும். கூட வந்திருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, “ராத்திரி என் பக்கத்துல படுக்கப்போறது எந்த நீங்க? முன்னாடியே சொல்லிட்டா நல்லது” என்று கேட்டார்.

அடுத்தது ‘முன்’ படம். அங்கத்தினர் சேரும்போது ஒரு படம், இலக்கை எட்டியதும் ‘பின்’ படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவரில் மாட்டுவார்கள். சுவர் முழுக்க அப்படி ஜோடிகள். எல்லா ‘முன்’னும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி, எல்லா ‘பின்’னும் லாட்டரி விழுந்த மாதிரி. மாஸ்டர் இதில் கறாரான ஆள்.

“வயித்தை முன்னால தள்ளுங்க சார். இன்னும். தோளைத் தொங்கப்போடுங்க. முகத்துல ஒரு சோகம் வேணும்.”

“எனக்குச் சோகமா ஒண்ணும் இல்லையே தம்பி.”

“‘முன்’ படத்துல யாரும் சிரிக்கிறதில்ல சார். அது விதி.”

மனைவிக்கு அவர் சட்டையின் கோணல் காலர் கண்ணை உறுத்தியது. பிழை கண்டால் சும்மா இருக்க முடியாத கை. எட்டிப் போய்க் காலரைச் சரிசெய்தவர், அப்படியே காதருகில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவரவில்லை, அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் உண்டு. லிஃப்ட்காரர் தலையைப் பின்னால் சாய்த்து, தொப்பை குலுங்க, கண் மூடச் சிரித்தார். அந்த நேரம் பார்த்துக் கேமரா கிளிக் ஆகிவிட்டது. படத்தில் அவர் சிரிப்பும், காலரில் ஒரு கையும் விழுந்தன. இன்னொன்று எடுக்க மாஸ்டர் ஆனமட்டும் பார்த்தார். அந்த அம்மா அறையில் இருக்கும்வரை சோகம் வருவதாக இல்லை. “சரி, பின்னால பார்த்துக்கலாம்” என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மனம்திறக்கும் வட்டம். எல்லாரும் தரையில் உட்கார்ந்து, அந்த வாரம் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். வங்கிக் காசாளர் ஒருவர் பேரன் தின்று மிச்சம் வைத்த அரை பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லிக் குலுங்கி அழுதார். எல்லாரும் மெதுவாகக் கைதட்டினார்கள். லிஃப்ட்காரர் முறை வந்தபோது அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாக யோசிக்கச் சொன்னார்கள். யோசித்துவிட்டு, “என் சம்சாரத்துக்குக் கிட்னி கொடுக்கணும். அதுக்காகத்தான் குறைக்கிறேன்” என்றார்.

நிறுவனர் தன் சுழல் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். நிறுவனர் உடற்பயிற்சி செய்து ஒருவரும் பார்த்ததில்லை. கேட்டால், “நான் பயணத்தை முடிச்சவன்” என்பார்.

“இதோ, இங்கதான் தப்பு ஆரம்பிக்குது” என்றார் நிறுவனர், சோகம் ததும்பும் குரலில். “மத்தவங்களுக்காகக் குறைச்ச உடம்பு நிக்காது. அம்மாவுக்காக, பொண்டாட்டிக்காக, புள்ளைக்காகன்னு வந்தவங்க எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன்! அந்த உறவுக்காரங்க குணமானாங்கன்னா, இவங்க நிலையத்துக்கு வர்றதை நிறுத்திடுறாங்க. அப்புறம் நாங்க என்ன பண்றது? சுயநலந்தான் ஆரோக்கியத்தோட முதல் படி. சொல்லுங்க, யாருக்காகக் குறைக்கிறீங்க?”

“எனக்காக” என்றார் லிஃப்ட்காரர்.

“சத்தமா.”

“எனக்காக!”

எல்லாரும் கைதட்டினார்கள். இந்த முறை வேகமாக. அன்று வீட்டுக்கு வந்து மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா, “எனக்குக் கொடுக்கிறது உங்களுக்காகத்தானேங்க? நான் இல்லாட்டி உங்க சட்டைக்குப் பொத்தான் யார் தைப்பா? அந்த ஆள் சரியாத்தான் சொல்லியிருக்கான்” என்று முடித்துவிட்டார்.

உடம்பு குறையத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. விடியற்காலையில் ஓடினார். வேகவைத்த காயும் முட்டையின் வெள்ளைக்கருவும் தின்றார். உப்பில்லாத அவர் சாப்பாடும் உப்பில்லாத அவள் சாப்பாடும் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்தன. யார் சாப்பாடு மோசம் என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள். நாலு லிட்டர் தண்ணீரை மட்டும் அவரால் அந்த மேசையில் வைத்துக் குடிக்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் குடித்தார். சண்டை வந்த கதை மேலே சொன்னதுதான்.

சண்டைக்கு மறுநாளிலிருந்து அவர் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று குடித்தார். துணி காயப்போடப் போன எங்களில் சிலர் அதைப் பார்த்தோம். வழக்கமாக இப்படி ஒரு சேதி கிடைத்தால் இறங்கி வருவதற்குள் நாலு வீட்டுக்குப் போய்விடும். இதை ஏனோ யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி ஐந்து கிலோவில் வண்டி நின்றுவிட்டது. எவ்வளவு ஓடினாலும் முள் அசையவில்லை. அந்தப் பக்கம் மனைவிக்கு இயந்திரம் ஒத்துக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. போய்விட்டு வந்தால் மறுநாள்வரை எழுந்திருக்க முடிவதில்லை. லிஃப்ட்காரர் நிறுவனரிடம் போய் நின்றார். நிறுவனர் அலமாரியைத் திறந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்துத் தந்தார். அதற்கு முன்பே வெள்ளை டப்பாவும் பச்சை டப்பாவும் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளை தசைக்கு, பச்சை சோர்வுக்கு. கறுப்பு, ‘கடைசி எதிரிக்கு’.

மனைவி டப்பாவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றிப் படித்தார்.

“ஆச்சரியக்குறி மட்டும் பதினாலு இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு ஒரு வரி இல்ல.”

“இயற்கைன்னு போட்டிருக்கே.”

“பாம்பு விஷமும் இயற்கைதான். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.”

“மருந்தா என்ன, அவர்கிட்ட கேட்கிறதுக்கு? வெறும் மாவும்மா. நாள் போயிட்டே இருக்கு. முள்ளு அசையணும்.”

அந்த அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து, டப்பாவின் மேல் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டுக் கொடுத்துவிட்டார். கரண்டி கரண்டியாக அந்தக் கேள்விக்குறிக்குக் கீழிருந்துதான் அவர் அள்ளிக் குடித்தார். முள் அசைந்தது.

ஒரு கிலோ மட்டும் பாக்கி இருக்கையில் ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் முடிவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?”

“ஒண்ணும் இல்லையே.”

“மருந்து இல்லாம எப்படி இப்படி? அருமையா இருந்த கிட்னி இது. இப்ப தடுமாறுது.”

அப்போதுதான் மூன்று டப்பாக்களும் வெளியே வந்தன. டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பின்னால் லிஃப்ட்காரர் சொல்லியிருக்கிறார். “எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்துங்க. தண்ணி நிறைய குடிங்க. மூணு மாசம் கழிச்சுத்தான் மறுபடி பார்க்க முடியும். அதுவரைக்கும் இந்தக் கிட்னியை யாருக்கும் எடுத்துக் கொடுக்க எனக்கு அனுமதி இல்ல.” மூணு மாசம் என்றபோது அவர் லிஃப்ட்காரரைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நிலையத்துக்குப் போனார் லிஃப்ட்காரர். நிறுவனர் முடிவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“ஏறியிருக்கு! இதுக்குப் போய் அழுவாங்களா? எந்த எண் ஏறினாலும் அது முன்னேற்றம்தான். டாக்டர்களுக்கு நோயாளியைத்தான் தெரியும், ஆரோக்கியமானவனைப் பார்த்தா பயந்துடுவாங்க. நான் இந்த நிலையத்தை நடத்தற இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட ரத்தப் பரிசோதனை பண்ணினது கிடையாது, நானும் பண்ணிக்கிட்டதில்ல, அங்கத்தினர்களுக்கும் பண்ணினதில்ல. அதனாலதான் இங்க இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு கோளாறும் கண்டுபிடிக்கப்படல!”

மூன்று டப்பாக்களுக்குப் பதில் இரண்டே போதும் என்று அவர் இறங்கிவந்தார். லிஃப்ட்காரர் படியில் இறங்கிப் போனார். கண்காணிப்பில்லாத படி.

இனி காத்திருப்பதுதான் வேலை. அந்த நாட்களில் அவர் வீட்டிலிருந்து சத்தமே வருவதில்லை. வேலைக்குப் போனார், வந்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், வந்தார். ஒரு நாள் மத்தியானம் மருந்துச் சீட்டு வாங்கப் போன எதிர்வீட்டு நர்ஸ், திறந்திருந்த கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலில் அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலியில் அவர், கையில் ஒரு பெரிய சொம்புத் தண்ணீருடன்.

“குடிங்க. டாக்டர் சொல்லியிருக்காருல்ல.”

“அப்புறம் குடிக்கிறேன்.”

“தொட்டிக்குப் பின்னாடி போயா? எனக்கு எல்லாம் தெரியும். இங்கயே குடிங்க, நான் பார்க்கணும்.”

அவர் ஒரு வாய் குடித்தார்.

“எப்படி இருக்கு?”

“தண்ணி மாதிரிதான்.”

“எத்தனை வருஷமா தண்ணி குடிக்கிறீங்க, ஒழுங்காச் சொல்லத் தெரியல. எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

அவர் இன்னொரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். “சில்லுன்னு இறங்குது. முதல்ல தொண்டையில. அப்புறம் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவுல ஒரு கோடு மாதிரி. வயித்துல போய் விழற இடம்கூடத் தெரியுது.”

“ம்” என்று கண்ணை மூடிக்கொண்டார் அந்த அம்மா. “இன்னும் கொஞ்சம் குடிங்க.”

நர்ஸ் சீட்டு வாங்காமலே திரும்பிவிட்டாள்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, இயந்திரத்தோடு கட்டியிருந்த ஒரு காலையில், அந்த அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. அதற்கு முதல் நாள்தான், “அந்தத் தேதியை மட்டும் தவற விட்டுடாதீங்க” என்று சொல்லியிருந்தாராம். சொன்ன சொல்லைத் தட்டக்கூடாது என்று லிஃப்ட்காரர் அந்தத் தேதியில் போய்க் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு நல்லபடியாக வந்தது. கிட்னி இரண்டும் பழையபடி அருமை. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அலமாரியில் மிச்சமிருந்த டப்பாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, பெயரை எடுத்துவிட்டு வரலாம் என்று நிலையத்துக்குப் போனார். விலகுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். எடை பார்க்காமல் யாரும் வெளியேற முடியாது. வரவேற்புப் பெண் சங்கடத்துடன் எடை மேடையைக் காட்டினாள். துக்கத்தில் சரியாகச் சாப்பிடாத ஆள். ஏறி நின்றார். முள் இலக்கையும் தாண்டிக் கீழே போய் நின்றது.

மாஸ்டர் ஓடிப்போய் வெற்றி மணியை அடித்தார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடுவதை நிறுத்திக் கைதட்டினார்கள். காசாளர் அவரைக் கட்டிப்பிடித்தார். நிறுவனர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“டப்பா இல்லாம, பயிற்சி இல்லாம, இவ்வளவு வேகமாவா? என்ன பண்ணினீங்க, மறைக்காம சொல்லுங்க!”

“என் சம்சாரம் தவறிட்டாங்க” என்றார் லிஃப்ட்காரர்.

நிறுவனர் தலையைக் குனிந்தார். ஒரு மூச்சு விடும் நேரம் மௌனம் காத்தார். பிறகு எல்லாரையும் பார்த்துத் திரும்பினார்.

“பார்த்தீங்களா? நாம ஒவ்வொருத்தரும் பசியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம். இவருக்குப் பசியே போயிடுச்சு. துக்கத்துக்கு இருக்கிற சக்தியை நம்ம துறை இன்னும் சரியா பயன்படுத்திக்கல, அது என்னோட பல நாள் வருத்தம். சாருக்கு என் அனுதாபத்தையும் வாழ்த்தையும் ஒண்ணாவே சொல்லிக்கிறேன்.”

பிறகு ‘பின்’ படம். வெளிச்சத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். “சிரிங்க சார்” என்றார் மாஸ்டர். “‘பின்’ படத்துல சிரிச்சே ஆகணும்.” லிஃப்ட்காரர் கீழ்ப்படிய முயன்றார். அவர் யார் பேச்சையும் தட்டாத மனிதர். வாய் கோணியது, கண் நிரம்பியது. மாஸ்டர் கேமராவை இறக்கினார், மறுபடி ஏற்றினார். கடைசியில் எடுத்ததை எடுத்தபடி வைத்துக்கொண்டார்கள்.

சோகமான ‘பின்’னையும் சிரிக்கிற ‘முன்’னையும் வைத்து எந்த நிலையம்தான் என்ன செய்ய முடியும்? ஆனால் குறைந்த எடை ஊரில் யாரும் குறைக்காத எடை. விட மனம் வரவில்லை. கணினியில் இரண்டு தலைகளையும் மாற்றி ஒட்டிவிட்டார்கள். அழுகிற தலை தொப்பைக்கு மேல் போனது. சிரிக்கிற தலை ஒட்டிய வயிற்றுக்கு மேல் வந்தது. மாடி உயரத்துக்கு ஒரு பலகை செய்து நாற்சந்தியில் நிறுத்தினார்கள். முன், பின். ‘நீங்களும் சிரிக்கலாம்!’

அந்த அம்மாவின் கையை அழித்துவிட்டார்கள். ஆனால் தலையை வெட்டும்போது காலரையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். காலரின் ஓரத்தில் ஒரே ஒரு விரல் நுனி தப்பிவிட்டது. சிவப்பு மை படிந்த விரல். கடந்து போனவர்கள் அச்சுப் பிழை என்று நினைத்தார்கள்.

லிஃப்ட்காரர் நினைக்கவில்லை. ஒரு நாள் நிலையத்துக்குப் போய், அந்த முதல் படத்தைத் தரும்படி கேட்டார். அவள் கை இருக்கும் படம் அவரிடம் வேறு இல்லை. சிரிக்கும் ‘முன்’ படம் விதிக்குப் புறம்பானது, அதனால் அழித்தாகிவிட்டது என்றார் நிறுவனர். வேண்டுமானால் பலகைப் படத்தில் ஒரு பிரதி தருவதாகவும், அந்தச் சிவப்புப் பிழையைத் திருத்திய பிறகு தருவதாகவும் பெருந்தன்மையுடன் சொன்னார்.

“திருத்தாதீங்க” என்றார் லிஃப்ட்காரர். அங்கே அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். “அது பிழை இல்ல.”

அதன் பிறகு வேலை முடிந்து வரும்போதெல்லாம் நாற்சந்தியில் கொஞ்ச நேரம் நிற்பார். தன் சிரிப்பைத் தானே ரசிக்கிறார் என்று பேசிக்கொண்டோம். அப்படிப் பேசியவர்களில் இப்போது ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. மகள் தன் ஊருக்கு வந்துவிடும்படி ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அசையவில்லை. பலகையில் வேறொரு அங்கத்தினர் ஜோடி ஏறிய அன்றுதான் போகச் சம்மதித்தார். கழற்றிய படத்தைச் சுருட்டி வீசப்போன ஆட்களை நிறுத்தி, தன் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்து, காலர் ஓரத்தில் ஒரு தலையணை அளவுத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார். வீட்டைக் காலிசெய்தபோது சாமான்களுக்கு மேல் அது சுருட்டி வைக்கப்பட்டிருந்ததை நாங்கள் பார்த்தோம்.

நிறுவனர் பெரிய நகரத்துக்குப் போய்விட்டார். அங்கே துக்கத்தில் இருப்பவர்களுக்கென்று தனி வகுப்பு நடத்துவதாகக் கேள்வி. மாஸ்டர் அந்த வேலையை விட்டுவிட்டு, வரவேற்புப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு, அவள் ஊருக்குப் போய்ச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் படத்துக்கு நிற்கும்போது சிரிக்கச் சொன்னவரை அடிக்கப் போய்விட்டாராம்.

அந்தப் பெண்தான் கல்யாணத்துக்கு முன்பு பத்திரிகை வைக்க லிஃப்ட்காரரின் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து எங்களிடம் சொன்னாள். ஆள் பழையபடி நன்றாகவே பெருத்துவிட்டாராம். தண்ணீர் குடிப்பதில் மட்டும் ஒரு பழக்கமாம். கதவைச் சாத்துவதில்லை. நடுக்கூடத்தில், சுவரில் மாட்டியிருக்கும் அந்தத் துண்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாகக் குடிப்பாராம். ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி, “சில்லுன்னு இறங்குது” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த வாயாம்.